பதிவேட்டில் மாறிய பெயர்கள்
விடுதிப் பாடசாலைகளும் நமது இலக்கிய விமர்சனமும்

கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து வைத்துப் படிப்பித்த பாடசாலைகளைப் பற்றிச் சிலாவத்துறையிலிருந்து ஒருவன் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று நண்பரொருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். முசலிப் பிரதேசத்தைப் பற்றியே எழுதப்படாத கதைகள் ஏராளமாகக் கிடக்கின்றன. ஆனால், அந்தப் பாடசாலைகள் பற்றிய எழுத்துக்களைக் கடந்த சில வருடங்களாக வாசித்துவரும் எனக்கு, அவற்றை வெளியூர்க் கதைகளாக வாசிக்க முடியவில்லை. காரணம் ஒரு பெயர்.

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது நான் சிறுவன். எங்கள் குடும்பம் புத்தளத்தில் ஓர் ஓலைக் கொட்டிலுக்கு வந்து சேர்ந்தது. அடுத்த வருடம், படிப்பாவது மிஞ்சட்டும் என்று, தென்பகுதியில் இருந்த முஸ்லிம் விடுதியொன்றில் வாப்பா என்னைச் சேர்த்தார். அதன் பெயர் இங்கு அவசியமில்லை. எனது பிறப்புச் சான்றிதழ் வீட்டோடு போய்விட்டிருந்தது. பதிவேட்டுக்கு முன்னால் இருந்தவர் பெயரைக் கேட்டார். "நெய்னா முகம்மது" என்றேன். சங்கு குளித்த எனது உம்மாவின் வாப்பாவுடைய பெயர் அது. "நெய்னா என்பது மார்க்கத்துப் பெயரில்லையே மகன்" என்று கனிவாகச் சொல்லிவிட்டு, அவர் அழகான அறபுப் பெயரொன்றை எழுதினார். வாப்பா பக்கத்தில்தான் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய நிலையில் அவர் இருக்கவில்லை.

அந்த விடுதி எனக்கு மூன்று வேளைச் சோறு தந்தது. படுக்கை தந்தது. ஓதித் தந்தது. நான் இன்று ஆசிரியனாக இருப்பதற்கு அதுவே காரணம். "வாறியளா", "போறியளா" என்ற எனது மன்னார்ப் பேச்சைக் கேட்டு மற்றப் பிள்ளைகள் "தமிழன்ட பேச்சு" என்று சிரித்தார்கள். ஒரு வருடத்துக்குள் நான் அவர்களைப்போலவே பேசப் பழகிக்கொண்டேன். விடுமுறையில் முகாமுக்குப் போனபோது உம்மம்மா எனது பேச்சைக் கேட்டுவிட்டு, "ஆர்ட பிள்ளையோ வந்திருக்கு" என்றா. பகிடியாகத்தான் சொன்னா. ஆனாலும் அந்த வார்த்தை இன்றுவரை என்னோடு இருக்கிறது.

இதை நான் ஒருபோதும் எழுதியதில்லை. ஏன் எழுதவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் விடயம்.

2

கனடாவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கி 1990களின் நடுப்பகுதிவரை, அரசின் பணத்திலும் திருச்சபைகளின் நிர்வாகத்திலும் இந்த விடுதிப் பாடசாலைகள் நடந்தன. 1,50,000க்கு மேற்பட்ட பிள்ளைகள் அவற்றுள் வளர்க்கப்பட்டார்கள். 1920இல் சட்டம் திருத்தப்பட்டு, பிள்ளைகளை அனுப்புவது கட்டாயமாக்கப்பட்டது. தாய்மொழி பேசினால் தண்டனை. முடி வெட்டப்பட்டது. பெயர் மாற்றப்பட்டது. பல இடங்களில் பிள்ளைக்கு இலக்கமும் கொடுக்கப்பட்டது. நோயாலும் போசாக்கின்மையாலும் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். உடல், பாலியல் வன்முறைகளும் நடந்தன. 2008இல் கனடியப் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 6,500க்கும் அதிகமானோரின் சாட்சியங்களைக் கேட்டு, 2015இல் அறிக்கையைப் பூர்த்தி செய்தது. நடந்ததைப் பண்பாட்டு இனப்படுகொலை என்று அது பெயரிட்டது. 94 பரிந்துரைகளையும் முன்வைத்தது.

அறிக்கைகள் வருவதற்கு முன்பே எழுத்தாளர்கள் வந்துவிட்டார்கள் என்பதுதான் இலக்கிய வாசகருக்கு முக்கியமானது. சிட்காலா-ஷா என்ற சியூ இனப் பெண் எட்டு வயதில் விடுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். தனது கூந்தல் வெட்டப்பட்ட நாளைப் பற்றி அவர் எழுதியது 1900இல் அமெரிக்காவின் பிரபல சஞ்சிகையொன்றில் வெளியானது. அதை எழுதுவதற்குச் சற்று முன்புவரை அவர் கார்லைல் என்ற புகழ்பெற்ற விடுதிப் பாடசாலையில் ஆசிரியையாக இருந்தவர். சம்பளம் வாங்கிய இடத்தைப் பற்றியே எழுதினார். ஜெர்ட்ரூட் என்பது அவரது பதிவுப் பெயர். சிட்காலா-ஷா என்பது அவர் தானாகவே தனது மக்களின் மொழியில் வைத்துக்கொண்டது.

கிறீ இனத்தவரான தொம்சன் ஹைவே 1998இல் வெளியிட்ட 'கிஸ் ஒஃப் த ஃபர் குயின்' நாவலில் இரண்டு சகோதரர்கள் வருகிறார்கள். சாம்பியன் என்ற பிள்ளை விடுதியில் ஜெரமையா ஆகிறான். ஊனீமீட்டூ கேப்ரியல் ஆகிறான். பாதிரியாரின் கைகள் இரவில் செய்வதும் நாவலில் இருக்கிறது. அதே பாடசாலையில் மூத்தவன் பியானோ கற்றுக்கொள்வதும் இருக்கிறது. ஹைவேயும் விடுதியில் பியானோ கற்று, பின்னாளில் இசைக்கலைஞராக மேடையேறியவர். பிற்காலத்தில் அவர், தனக்கு அந்தப் பாடசாலையில் நல்லவையும் கிடைத்தன என்று வெளிப்படையாகச் சொன்னார். அவரது மக்களிலேயே பலர் அதற்காக மனம் நொந்தார்கள்.

ஆனால் எனக்கு ஹைவேயிடம் கற்றுக்கொள்வதற்கு இருப்பது இதுதான்: பியானோவுக்கு நன்றி சொல்வதற்காக அவர் நாவலைத் திரும்பப் பெறவில்லை. நாவலை எழுதியதற்காகப் பியானோவை மறுக்கவும் இல்லை. இந்த இரண்டையும் ஒரே கையால் எழுதலாம் என்பது நமது தமிழ் மரபுக்கு இன்னும் பிடிபடாத ஒன்று. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே என்று நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். நல்ல பண்புதான். ஆனால் சாட்சி சொல்வதை இரண்டகம் என்று எண்ணத் தொடங்கும்போது அது பண்பாக இருப்பதில்லை; தணிக்கையாகிவிடுகிறது.

3

இனி நமது பக்கத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் நடத்திய விடுதிப் பாடசாலைகளைப் பற்றி நமது இலக்கிய வரலாறுகள் அனைத்தும் பேசுகின்றன. 1823இல் வட்டுக்கோட்டை செமினரி. 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலை. 1841இல் உதயதாரகை. 1862இல் வின்சுலோவின் தமிழ் - ஆங்கில அகராதி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். பாவலர் சரித்திர தீபகத்தை 1886இல் வெளியிட்ட ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளையும் மிஷன் கல்வியின் விளைவுதான். இந்தப் பட்டியலைப் பல்கலைக்கழக மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள்.

கறோல், ஆர்னோல்ட், நெவின்ஸ், வைமன் என்ற இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று மாணவர்கள் கேட்பதில்லை. விரிவுரைகளிலும் அது அடிக்குறிப்பாகவே கடந்துபோகிறது. அமெரிக்காவில் ஒருவர் ஒரு பிள்ளைக்கான வருடச் செலவைப் பொறுப்பேற்றால், அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் உரிமை அவருக்குக் கிடைத்தது. தன் பெயரை வைக்கலாம். தனது போதகரின் பெயரையோ, இறந்துபோன உறவினரின் பெயரையோ வைக்கலாம். உதயதாரகையின் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்று படிக்கும்போது வெள்ளைக்காரர் என்றே நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். இருவரும் செமினரியில் படித்த தமிழர்கள்.

இந்த மிஷனை அனுப்பிய பொஸ்டன் சபை 1816இல் யாழ்ப்பாணத்தில் வேலை தொடங்கியது. அதே சபை 1817இல் அமெரிக்காவின் தென்பகுதியில் செரோக்கி மக்களிடையே பிரெய்னர்ட் என்ற இடத்தில் பாடசாலை தொடங்கியது. அங்கும் பிள்ளைகள் தங்கிப் படித்தார்கள். அந்தச் சபை கனெக்ரிகட்டில் நடத்திய பாடசாலைக்குப் போன செரோக்கி இளைஞனொருவன், வழியில் சந்தித்த அமெரிக்கப் பிரமுகரின் பெயரை ஏற்று எலியாஸ் பூடினோ ஆனான். 1828இல் 'செரோக்கி ஃபீனிக்ஸ்' என்ற பத்திரிகைக்கு அவனே முதல் ஆசிரியர். பூர்வகுடி மக்களின் முதல் பத்திரிகை அது. செரோக்கியிலும் ஆங்கிலத்திலுமாக வந்தது. பதின்மூன்று வருடங்களின் பின் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக உதயதாரகை வந்தது. ஒரே சபையின் பாடசாலைகளில் உருவான, அந்நியப் பெயர் தாங்கிய ஆசிரியர்கள் இருமொழியில் நடத்திய இரண்டு பத்திரிகைகள். இவற்றைப் பக்கம் பக்கமாக வைத்து வாசித்த ஒரு தமிழ் ஆய்வு என் கண்ணில் படவில்லை.

இங்கே அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. யாழ்ப்பாணம் கனடா அல்ல. யாழ்ப்பாணத்துப் பெற்றோரைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அவர்களிடம் நிலம் இருந்தது, கோயில் இருந்தது, எழுத்து இருந்தது, சாதியின் பலமும் இருந்தது. பிள்ளைகள் எங்கே, யாருடைய கையால் சாப்பிடுவது என்பதில் மிஷன் அவர்களோடு சமரசம் செய்யவேண்டியிருந்தது. உடுவிலில் படித்து முடித்துக் கிறிஸ்தவருக்கு வாழ்க்கைப்பட்ட பெண்களுக்கு மிஷனே சீதனம் கொடுத்தது. மாற்ற வந்தவர்களை ஊர் தனக்கேற்ப மாற்றிக்கொண்ட கதையும் இதில் இருக்கிறது. பெரும்பாலானோர் வைத்த பெயரைத் தூக்கி எறியாமல், பக்கத்தில் தமது தமிழ்ப் பெயரை எழுதிக்கொண்டார்கள். தாமோதரம்பிள்ளை கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, சைவத்துக்குத் திரும்பி, 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். வெஸ்லியன் மிஷனோடு பழகிய ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை அமைத்தார். வாங்கியதை வைத்தே எதிர்த்து நிற்கும் வசதி அவர்களுக்கு இருந்தது. செரோக்கி மக்களுக்கு அது இருக்கவில்லை. பத்திரிகை தொடங்கிப் பத்து வருடங்களில், 1838 - 39இல், அவர்கள் தமது நிலத்திலிருந்து விரட்டப்பட்டார்கள். வழியில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். எழுத்தறிவு அவர்களது மண்ணைக் காப்பாற்றவில்லை. வெளியேற்றப்பட்ட ஒருவன் இந்த வரியைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது.

ஆகவே வித்தியாசம் பெரிது. ஆனால் அடியில் இருந்த எண்ணம் ஒன்றுதான்: வீடு பிள்ளையைக் கெடுக்கும், வீட்டிலிருந்து பிரித்தால்தான் பிள்ளை தேறும். பகலில் படித்துவிட்டு மாலையில் வீடு திரும்பும் பிள்ளை பழைய வழக்கங்களுக்கே திரும்பிவிடுகிறது என்பதே விடுதி அமைப்பதற்கு மிஷனரிகள் சொன்ன நியாயம். இந்த எண்ணத்தை நமது இலக்கிய வரலாறு கேள்வி கேட்கவில்லை. விளைவை மட்டும் எண்ணியது. எங்கள் கொண்டச்சிக் குடாவில் முத்துக் குளித்த காலங்களில் முத்தைத்தான் போற்றினார்கள். கரையில் குவிந்த வெற்றுச் சிப்பியைப் போற்றியவர் யாருமில்லை. உடுவில் விடுதியின் முதல் இரவில் ஒரு சிறுமி என்ன நினைத்தாள் என்பதைச் சொல்லும் ஒரு தமிழ்ப் பக்கம் கிடைக்குமானால், அதற்காக நான் ஓர் அகராதியைக் கொடுக்கத் தயார்.

4

முஸ்லிம் வாசகர்கள் இதுவரை நிம்மதியாக வாசித்திருப்பார்கள். இது நம்முடைய கதை அல்ல. மிஷன் பாடசாலைகளுக்கு நாம் பிள்ளைகளை அனுப்பவில்லை என்ற நிம்மதி. மதம் மாற்றிவிடுவார்கள் என்ற அச்சத்தில் நமது முன்னோர் அந்தக் கல்வியிலிருந்து விலகி நின்றார்கள் என்பது உண்மை. அதனால் சமூகம் பின்தங்கியது என்பதும் உண்மை. அறிஞர் சித்திலெப்பை 1882இல் முஸ்லிம் நேசனைத் தொடங்கி இதற்காகவே ஓயாமல் எழுதினார். மார்க்கத்தை இழக்காமல் நவீன கல்வியைப் பெறுவது எப்படி என்பதே அவரது கேள்வி. 1892இல் மருதானையில் ஸாஹிறா உருவானது அந்தக் கேள்விக்கான பதில்களில் ஒன்று.

1885இல் சித்திலெப்பை எழுதிய அசன்பே சரித்திரம் இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்பதில் நாம் பெருமைப்படுகிறோம். முதல் நாவல் என்ற பெருமையோடு நிறுத்திக்கொள்கிறோம். அந்த நாவலின் அடிப்படைக் கதை என்ன? எகிப்தில் பெற்றோரிடமிருந்து பறிக்கப்பட்ட ஒரு குழந்தை, பம்பாயில் அந்நியர் கையில் வளர்கிறது. பின்னர் அது தன்னை ஈன்றவர்களைக் கண்டடைகிறது. பறிக்கப்பட்ட பிள்ளை, மறைந்த பிறப்பு, வளர்ந்த பிறகு கிடைக்கும் வேர்: நமது புனைகதை இதில்தான் பிறந்திருக்கிறது. அதைச் சாகசக் கதையாகவும் மேற்கத்திய நாவலின் சாயல் கொண்டதாகவும் விமர்சகர்கள் வாசித்தார்கள். பிழையில்லை. ஆனால் மிஷன் விடுதிகள் செழித்திருந்த நூற்றாண்டில், பிள்ளைகளின் கல்விக்காகப் போராடிய ஒரு முஸ்லிம், பிள்ளை பறிபோவதையே தனது கதையின் முடிச்சாகத் தேர்ந்ததை நாம் யோசித்துப் பார்க்கவில்லை. அவர் இதை எண்ணித்தான் எழுதினார் என்று நான் சொல்லவரவில்லை. அந்த அச்சம் காலத்தின் காற்றில் இருந்தது. அது கதைக்குள்ளும் வந்திருக்கிறது என்றே வாசிக்கிறேன்.

அசன் ஊர் திரும்புகிறான். பெற்றோர் அவனை அடையாளம் காண்கிறார்கள். நாவலில் அது சாத்தியம். பத்தொன்பது வருடங்களுக்கு மேலாக அகதியாக இருந்து, 2009இல் யுத்தம் முடிந்த பிறகு சிலாவத்துறைக்குத் திரும்பிய எனது தலைமுறைக்கு அது அவ்வளவு இலகுவாக அமையவில்லை. காடு மூடிய வளவுகளில் நாங்கள் எல்லைக்கற்களைத் தேடினோம். எங்கள் பிள்ளைகள் புத்தளத்துப் பேச்சோடு வந்திறங்கினார்கள். நெய்னா என்று என்னைக் கூப்பிட உம்மம்மா இருக்கவில்லை.

5

வெளியேற்றத்தைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். கவிதைகள் வந்தன, சிறுகதைகள் வந்தன, நினைவுக் குறிப்புகள் வந்தன. நான் வாசித்தவற்றுள் முகாம் இருக்கிறது, உப்புத் தண்ணீர் இருக்கிறது, பூட்டிவிட்டு வந்த வீட்டின் திறப்பு இருக்கிறது. ஆனால் முகாமிலிருந்து விடுதிகளுக்கும் மதறஸாக்களுக்கும் அநாதை நிலையங்களுக்கும் போன பிள்ளைகள் பெரும்பாலும் இல்லை. புலிகள் எங்களுக்குச் செய்ததை எழுதினோம். அது எழுதப்பட வேண்டியதுதான். நம்மவர்கள் அன்போடு செய்ததை எழுதவில்லை. எதிரியைப் பற்றிச் சாட்சி சொல்வது இலகு. சோறு போட்டவரைப் பற்றிச் சாட்சி சொல்வதற்குத்தான் இலக்கியம் தேவைப்படுகிறது.

எனது பெயரை மாற்றிய மனிதரையும் கனடாவில் பிள்ளைகளை அடித்து அவர்களது மொழியை மறக்கச் செய்தவர்களையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம். அவர் என்னைப் பறித்துக்கொண்டு போகவில்லை. வாப்பாவே கூட்டிப்போனார். எவரும் என்னை இலக்கத்தால் அழைக்கவில்லை. ஆனால் நெய்னா, மீரா, சேகு, பிச்சை, சீனி என்ற பெயர்கள் மார்க்கத்தில் சேராதவை, எங்கள் பேச்சு முஸ்லிமின் பேச்சல்ல, உம்மம்மாவின் தாலாட்டு அறியாமை என்ற எண்ணம் அந்தக் கனிவுக்குள் இருந்தது. வீடு பிள்ளையைக் கெடுக்கும் என்ற அதே பழைய எண்ணம். அது வெளியிலிருந்து வந்தபோது அதை அடையாளம் கண்டு விலகி நின்ற சமூகம், உள்ளிருந்து வந்தபோது அடையாளம் காணவில்லை. கீழக்கரையிலிருந்து காத்தான்குடிவரை தமிழ் முஸ்லிம்கள் நூற்றாண்டுகளாகச் சேர்த்துவைத்த பெயர்களும் பாட்டுக்களும் ஒரு தலைமுறைக்குள் வெட்கத்துக்குரியவையாகிப்போனதில், வறிய பிள்ளைகளின் விடுதிப் பதிவேடுகளுக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது என்று யாராவது கணக்குப் பார்க்க வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களை யாரும் இப்படிக் கேட்காமல் மாற்றியிருக்க மாட்டார்கள்.

விமர்சகர்களுக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. விடுதி வாழ்க்கையைப் பற்றி ஒருவர் எழுதினால் உடனே நாம் கேட்கும் கேள்வி: இதனால் சமூகத்தின் பெயர் கெடாதா? இந்தக் கேள்வி ஒரு கதையின் தரத்தை அளக்கும் கோல் அல்ல. கனடாவின் திருச்சபைகளும் இதைத்தான் பல வருடங்கள் கேட்டுக்கொண்டிருந்தன. அந்த வருடங்களில் முதியவர்கள் பேசாமலே இறந்துபோனார்கள். மாறாக, துயரம் மட்டும் இருந்தால்தான் சாட்சியம் என்று கேட்கும் விமர்சனமும் எனக்கு உடன்பாடில்லை. விடுதியில் ஒளித்து வைத்துப் பங்கிட்ட பாண் துண்டின் ருசியையும், பெருநாளுக்கு வீடு போக முடியாத பிள்ளைகளுக்காகத் தன் வீட்டிலிருந்து வட்டிலப்பம் கொண்டுவந்த சமையற்காரரையும் விட்டுவிட்டு நான் எழுதினால், அதுவும் பொய்ப் பதிவேடாகத்தான் இருக்கும்.

எனது அடையாள அட்டையிலும் சான்றிதழ்களிலும் நியமனக் கடிதத்திலும் அந்த விடுதியில் எழுதப்பட்ட பெயரே இருக்கிறது. எனது மனைவி அந்தப் பெயரையே அறிவாள். அதை மாற்றும் எண்ணம் எனக்கில்லை. அந்தப் பெயரால் நான் பெற்றவை அதிகம். ஆனால் பாடசாலையில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம், "வீட்டில என்னண்டு கூப்பிடுறவை?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெயரைப் பதிவேட்டில் எழுத இடமில்லை. எனவே ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறேன். விடுதிகளில் வளர்ந்த எனது வயதொத்தவர்கள் இன்று எழுபதுக்கும் எண்பதுக்கும் போய்விடவில்லை. நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருக்கிறோம். ஞாபகம் இன்னும் கலையவில்லை. நன்றியோடு எழுதலாம், உண்மையையும் எழுதலாம்.

இந்தக் கட்டுரையும் அந்தப் பதிவேட்டுப் பெயரிலேயே வெளியாகிறது. எழுதியவன் நெய்னா.